எழுத்தில்லாத பானைக்கு வயது வந்த விதம்: பார்வோன்களுக்கு முந்தைய எகிப்து

உங்கள் கேள்வியை முதலில் பிரித்துக்கொள்கிறேன். சிவப்பு உடலும் கறுத்த வாயும் கொண்ட ஓர் எகிப்தியப் பானையின் படத்தைப் போட்டு, கீழே "நக்காடா II, கி.மு. 3500 அளவில்" என்று இருப்பதைக் காட்டியிருக்கிறீர்கள். எழுத்து இல்லை, அரசன் பெயர் இல்லை, இந்த ஆண்டு எங்கிருந்து வந்தது என்பது கேள்வி. கீழடிப் பானை போலவே இருக்கிறதே, தொடர்பு உண்டா என்பது வால். முதல் கேள்விக்குள்ளேயே இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. இந்தப் பானை எதற்கு முந்தியது, எதற்குப் பிந்தியது என்பது ஒன்று; அது நடந்த ஆண்டு எது என்பது இன்னொன்று. முதலாவதற்கு நல்ல உறுதியோடு பதில் சொல்லலாம். இரண்டாவதில் நூறு, நூற்றைம்பது ஆண்டு இழுபறி இன்னும் இருக்கிறது. குறிப்பட்டையில் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடுவதால் இரண்டும் ஒரே அளவு உறுதி என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

நக்காடா என்பது மேல் எகிப்தில் (நாட்டின் தெற்குப் பகுதி அது), லக்சருக்கு வடக்கே, நைலின் மேற்குக் கரையில் உள்ள ஊர். 1894-95 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியும் அவருடன் ஜேம்ஸ் குவிபெல்லும் அங்கும் பக்கத்துப் பல்லாஸிலும் சுமார் 3,000 புதைகுழிகளைத் தோண்டினார்கள். மணலில் வெட்டிய ஆழமில்லாத குழி. முழங்கால் மடக்கி, இடப்பக்கமாகச் சாய்த்து, பெரும்பாலும் தலை தெற்கிலும் முகம் மேற்கிலுமாக வைத்த உடல். சுற்றிலும் பானைகள், கண் மை அரைக்கும் கல்பலகை, சில சமயம் தந்தச் சீப்பு, கல்மணிகள், சிக்கிமுக்கிக் கத்தி. பிரமிடு கட்டியவர்களின் பொருள் எதுவும் இதில் இல்லை. அதனால் பெட்ரி, பிரமிடு காலத்துப் பழைய அரசு வீழ்ந்த பிறகு வெளியிலிருந்து வந்து புகுந்த "புதிய இனம்" இது என்று முடிவு கட்டினார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டோ அதற்கு மேலுமோ பிழை. 1896-இல் ஜாக் த மோர்கன் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் இவை பார்வோன்களுக்கு முந்தைய மக்களின் குழிகள் என்று சொன்னார். பெட்ரி பின்னர் அதை ஏற்றுக்கொண்டார். அப்படிப் பிழைபட்ட மனிதர்தான் அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் குழிகளை வரிசைப்படுத்தும் வழியையும் கண்டுபிடித்தார்.

சிக்கல் எங்கே என்றால், இவை இடுகாடுகள். குடியிருப்பு மேட்டில் அடுக்கு மேல் அடுக்காக மண் படியும்; கீழ் அடுக்கு பழையது என்று எடுத்துக்கொள்ளலாம். இடுகாட்டில் ஒவ்வொரு குழியும் தனித்தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒன்று இன்னொன்றை வெட்டிக்கொண்டு போனால் ஒழிய, எது முந்தையது என்று மண் சொல்லாது. ஆனால் ஒரு குழியில் இருக்கும் பானைகள் எல்லாம் ஒரே நாளில் உள்ளே போனவை. பெட்ரி பிடித்துக்கொண்டது இந்த ஒரு நூலைத்தான்.

அவர் செய்த வேலை இப்படிப் போகிறது. முதலில் பானைகளை ஒன்பது வகையாகப் பிரித்தார்: கறுப்பு வாய்ப் பானை, மெருகிட்ட சிவப்பு, சிவப்பின் மேல் வெள்ளைக் கோடு போட்டது, விநோத வடிவங்கள், கீறல் போட்ட கறுப்பு, அலைபோன்ற கைப்பிடி உள்ளது, வெளிர் மண்ணில் செந்நிறச் சித்திரம் தீட்டியது, வைக்கோல் கலந்த கரடுமுரடுப் பானை, கடைசிக் காலத்துப் பானை. ஒவ்வொரு வகைக்குள்ளும் வடிவத்துக்கு ஓர் எண். அடுத்து, கலையாத குழிகளில் ஐந்து வடிவங்களுக்குக் குறையாமல் இருப்பவற்றை மட்டும் தேர்ந்தார். சுமார் 900 தேறின. ஒரு குழிக்கு ஒரு அட்டைத் துண்டு, அதில் ஒன்பது கட்டம், அந்தந்தக் கட்டத்தில் அந்தக் குழியில் கிடைத்த பானைகளின் எண். பிறகு அட்டைகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினார். ஒவ்வொரு பானை வடிவமும் வரிசையில் சிதறாமல் முடிந்தவரை ஒரே இடத்தில் திரண்டு நிற்க வேண்டும் என்பதுதான் விதி. ஒரு வடிவம் புழக்கத்துக்கு வரும், பெருகும், தேயும், நின்றுபோகும். நின்றுபோனது நானூறு ஆண்டு கழித்துத் திடீரென்று தலைகாட்டாது என்ற எளிய அனுமானம். இதையே 1960-களில் டேவிட் கெண்டல் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் கணித மொழியில் எழுதிக் காட்டினார். இன்று கணினி ஒரு நொடியில் செய்வதைப் பெட்ரி அட்டைகளை வைத்துக் கையால் செய்தார்.

இப்படி அடுக்கினால் வரிசை வரும், திசை வராது. எந்த முனை பழையது? அதை அலைக்கைப்பிடிப் பானைதான் காட்டிக் கொடுத்தது. ஒரு முனையில் அது உருண்டு பருத்த ஜாடி. இருபுறமும் விரல் பிடிப்புக்கு வாகாக நெளிந்த, நிஜமாகவே தூக்க உதவும் கைப்பிடி. வரிசையில் நகர நகர உடல் ஒடுங்குகிறது, கைப்பிடி சுருங்குகிறது. கடைசியில் நேரான குழாய் போன்ற ஜாடி, கழுத்தடியில் வெறும் அலங்காரக் கோடு. உள்ளே இருந்ததும் மாறுகிறது: முதலில் மணமூட்டிய கொழுப்பு, பிறகு கொழுப்பின் மேல் மண் பூச்சு, இறுதியில் பேருக்கு மண். பயனுள்ள கைப்பிடி பயனற்ற கோடாகத் தேயும். பயனற்ற கோட்டிலிருந்து கைப்பிடி முளைத்து வருவது நம்பும்படி இல்லை. இதற்கு மேல் இன்னொரு பிடியும் கிடைத்தது. அந்தக் குழாய் ஜாடிகள் அபிடோஸில் உள்ள முதலாம் வம்ச அரசர்களின், அதாவது முதல் பார்வோன்களின், கல்லறைப் பொருள்களோடு ஒத்துப்போயின. ஆக அந்த முனைதான் பிந்தையது. மறுமுனையில் வெள்ளைக்கோட்டுப் பானைகள். அவை அலைக்கைப்பிடியோடு ஒரே குழியில் சேர்ந்து வருவதில்லை என்றே சொல்லலாம்.

900 அட்டைகளை 51 சம பங்காக வெட்டினார் பெட்ரி, பங்குக்குச் சுமார் 18 குழி. அவற்றுக்கு 30 முதல் 80 வரை எண் கொடுத்தார். 1 முதல் 29 வரை வெறுமையாக விட்டது, இதற்கும் பழையது ஏதாவது நாளைக்குக் கிடைக்கலாம் என்று. 1920-களில் பதாரியில் கை பிரன்டனும் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் அப்படியொன்றைக் கண்டுபிடித்தார்கள். அலை அலையாகச் சீவி மெருகேற்றிய மெல்லிய பானைகளைச் செய்த பதாரிப் பண்பாடு. கிடங்கில் காலி அலமாரி விட்டுவைப்பது போன்ற இந்த முன்யோசனை, அந்தக் காலத்துத் தொல்லியலில் அபூர்வம்.

இந்த எண்களைப் படிக்கும்போது பலர் தடுக்கி விழுவது ஓர் இடத்தில்: 40-க்கும் 50-க்கும் இடையே இருப்பதும் 60-க்கும் 70-க்கும் இடையே இருப்பதும் ஒரே அளவு காலம் இல்லை. ஒரு பங்கு என்பது சுமார் 18 குழி, ஆண்டுக் கணக்கு இல்லை. மக்கள்தொகை பெருகிய காலத்தில் 18 பேரைப் புதைக்கச் சில ஆண்டு போதும். குறைந்த காலத்தில் ஒரு தலைமுறை ஆகலாம்.

முறையிலேயே உள்ள ஓட்டைகள் வேறு. ஒன்பது வகைகளும் ஒரே அளவுகோலால் பிரிக்கப்படவில்லை. சிலவற்றை மண்ணை வைத்து, சிலவற்றை மேற்பூச்சை வைத்து, சிலவற்றைக் காலத்தையே வைத்துப் பிரித்திருக்கிறார். 'கடைசிக் காலத்துப் பானை' என்று ஒரு வகையை முன்கூட்டியே வைத்துக்கொண்டு காலத்தை நிறுவினால் வட்டமடிப்பதுதான். இரண்டாவது, புதிய இடுகாடு தோண்டப்படும்போதெல்லாம் ஒரு பானை வடிவம் எதிர்பாராத துணையோடு கிடைக்கும். உடனே அந்த வடிவத்தின் ஆயுள் முன்னும் பின்னும் நீட்டப்படும். பத்து இடுகாடு சேர்ந்தபின் பல வடிவங்கள் 30 முதல் 70 வரை எங்கும் வரலாம் என்றாகி, காலம் சொல்லும் பயனையே இழந்தன. மூன்றாவது, திருட்டு. புதைத்த சில நாளிலேயே தோண்டப்பட்ட குழிகள் ஏராளம். பக்கத்துக் குழி ஓடு இதில் விழுந்திருந்தால் அட்டை பொய் சொல்லும். நான்காவதுதான் மிகக் கடினமானது: ஏழைக் குழிக்கும் பணக்காரக் குழிக்கும், தெற்கு ஊருக்கும் வடக்கு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலவித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து. அட்டைக்கு அது தெரியாது.

இதைச் சீர்செய்தது 1957-இல் வெர்னர் கைசர் வெளியிட்ட ஆய்வு. அர்மன்ட் ஊரின் 1400-1500 என்று எண்ணிடப்பட்ட ஓர் இடுகாட்டை எடுத்துக்கொண்டு, அட்டையை விட்டுவிட்டு வரைபடத்தைப் பார்த்தார். எந்த வகைப் பானை எந்தப் பகுதியில் திரள்கிறது என்று குறித்தால், தெற்கே கறுப்பு வாய்ப் பானை, நடுவே கரடுமுரடுப் பானை, வடக்கே கடைசிக் காலத்துப் பானை. இடுகாடு தெற்கிலிருந்து வடக்காக வளர்ந்திருக்கிறது. இடமே காலம் ஆகிவிட்டது. இதிலிருந்து I, II, III என்று மூன்று பெரும் கட்டங்களும் உள்ளே பதினொரு சிறு கட்டங்களும் பிறந்தன. உங்கள் படத்தில் உள்ள 'நக்காடா II' இந்த வழியில் வந்த பெயர்தான். பிறகு ஸ்டான் ஹென்ட்ரிக்ஸ் நிறைய இடுகாடுகளைச் சேர்த்து இதைத் திருத்தினார், குறிப்பாக II-க்கும் III-க்கும் இடைப்பட்ட எல்லையை. ஹம்மாமியா என்ற சிறு குடியிருப்பில் கேட்டன்-தாம்சன் ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக இறங்கித் தோண்டியபோது, பதாரி ஓடுகள் கல்போல் இறுகிய ஒரு படிவுக்கு அடியிலும் நக்காடா ஓடுகள் அதற்கு மேலும் கிடைத்தன. இடுகாட்டை வைத்துப் போட்ட கணக்கை மண்ணடுக்கு தனியாக உறுதிசெய்தது. பதாரி, நக்காடா I, II, III, முதலாம் வம்சம் என்ற வரிசை உறுதியானது என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று வெவ்வேறு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

இனி ஆண்டு. இது கார்பன்-14 வேலை. செத்த செடியிலும் உடலிலும் உள்ள கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுக்குப் பாதியாகும். ஆனால் காற்றில் அதன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. அதனால் கருவி தரும் எண்ணை மரவளையங்களை வைத்து வரைந்த திருத்தக் கோட்டில் பொருத்தித்தான் நாள்காட்டி ஆண்டு எடுக்க வேண்டும். கி.மு. நான்காம் ஆயிரத்தின் பிற்பகுதியில் அந்தக் கோடு பல இடங்களில் படுத்துக் கிடக்கிறது. படுத்த இடத்தில் ஒரே அளவீடு இரண்டு மூன்று நூற்றாண்டுக்கும் பொருந்தும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 'கெபெலைன் மனிதன்' நல்ல உதாரணம்: சுடுமணல் உலர்த்தியே பதப்படுத்திய உடல், 2018-இல் அகச்சிவப்புப் படத்தில் கையில் காட்டெருதும் காட்டு ஆடும் பச்சை குத்தியிருந்தது தெரிந்தது. இத்தனை நல்ல நிலையில் இருக்கும் உடலுக்கே கார்பன் தந்த வயது கி.மு. 3351-இலிருந்து 3017 வரை. முந்நூறு ஆண்டுக்கு மேல் அகலம். கருவியின் குறை இல்லை. அந்தக் காலத்தின் குறை.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். கல்லறைக் கூரையில் போட்ட வேல மரக்கட்டை வேண்டாம். வறண்ட நாட்டில் மரம் மக்காது, பழைய வீட்டுக் கட்டையைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள், மரத்தின் நடுவளையம் வெட்டிய நாளுக்கு நூறு வருடம் முந்தியும் இருக்கலாம். ஒரே பருவத்தில் விளைந்து முடிந்த தானியம், நாணல், சணல்நார்த் துணி, பாய், இவைதான் நல்ல மாதிரி. அருங்காட்சியகப் பொருள் என்றால், முன்பு யாராவது பாதுகாப்புக்காக மெழுகு பூசியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பெட்ரோலிய மெழுகில் கார்பன்-14 அறவே இல்லை. அது துளி கலந்தாலும் பொருள் இருக்கும் வயதைவிடக் கிழமாகத் தெரியும்.

ஒற்றை அளவீட்டின் அகலத்தைக் குறைக்க ஒரே வழி, பானை வரிசையையும் கார்பனையும் இணைப்பது. 'இந்தக் குழி அந்தக் குழிக்கு முந்தியது' என்று ஏற்கெனவே தெரியும் அல்லவா? அதை நிபந்தனையாகக் கொடுத்தால், வரிசைக்கு ஒவ்வாத ஆண்டுகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். 2013-இல் மைக்கேல் டீ தலைமையிலான குழு நூற்றுக்கு மேற்பட்ட அளவீடுகளை இப்படிச் சேர்த்தது. முதலாம் வம்சத்து ஆஹா என்ற அரசன் அரியணை ஏறியது கி.மு. 3111-க்கும் 3045-க்கும் இடையே என்று வந்தது, 68 சதவீத நிகழ்தகவோடு. அந்த 68-ஐ மறக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வெளியே இருக்கிறது. வழக்கமாகக் கி.மு. 4000 என்று எழுதப்பட்டு வந்த நக்காடாக் காலத்தின் தொடக்கம் கி.மு. 3800-3700 பக்கமாக நகர்ந்தது. அதாவது, இடுகாட்டுக் கிராமங்களிலிருந்து ஒரு பேரரசு எழ எடுத்துக்கொண்ட காலம் ஆயிரம் ஆண்டிலிருந்து அறுநூறு, எழுநூறாகச் சுருங்கியது. இதைப் பலரும் ஏற்கிறார்கள். எல்லாப் பாடநூல்களும் மாறிவிடவில்லை. அதனால்தான் ஒரே வகைப் பானைக்கு இரண்டு அருங்காட்சியகங்களில் இரண்டு ஆண்டு பார்ப்பீர்கள். 'கி.மு. 3500 அளவில்' என்பதை 'அந்த நூற்றாண்டு, இல்லையேல் அதற்குப் பக்கத்தது' என்று வாசித்தால் போதும்.

வரிசையின் கடைசி முனையில் எழுத்தும் கைகொடுக்கிறது. அபிடோஸில் யூ-ஜே என்ற பன்னிரண்டு அறைக் கல்லறையை 1988-இல் குந்தர் ட்ரெயர் திறந்தார். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட, விரல்நக அளவான எலும்பு, தந்தச் சீட்டுகள், துளையோடு, குறிகள் கீறியவை. இவற்றை ஊர்ப் பெயர்களாக அவர் படித்தது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பொருள்களில் கட்டிய கணக்குச் சீட்டுகள் என்பதில் பெரிய சந்தேகமில்லை. இன்னும் கெட்டியான சான்று, அதே அபிடோஸில் டென் அரசனின் கல்லறையில் கிடைத்த களிமண் முத்திரை: நார்மர், ஆஹா, ஜெர், ஜெட், டென் என்று வரிசையாகப் பெயர்கள். அரசர்களின் தொடக்கம் நார்மர் என்று அந்தக் காலத்து அலுவலகமே எண்ணியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நார்மரின் புகழ்பெற்ற கல்பலகை ஒரு போரைப் பதிவுசெய்கிறதா, வெற்றி கொண்ட அரசன் என்ற பிம்பத்தை மட்டும் காட்டுகிறதா என்பது வேறு. அங்கே உறுதியாகப் பேசுபவரைச் சற்று சந்தேகத்தோடு கேளுங்கள்.

இத்தனையும் மேல் எகிப்துக் கதை. வடக்கே, கெய்ரோவை ஒட்டிய பகுதியிலும் டெல்டாவிலும் இந்தப் பானை வரிசை அப்படியே பொருந்தாது. மஆதி, புட்டோ ஊர்க்காரர்கள் இறந்தவரோடு பானைகளைக் குவித்துப் புதைக்கவில்லை. குழிகள் எளியவை, அட்டையில் எழுத ஐந்து வடிவம் தேறாது. மேலும் டெல்டாக் குடியிருப்புகள் பல மீட்டர் வண்டலுக்கு அடியில், நிலத்தடி நீருக்கும் கீழே. புட்டோவில் 1980-களில் ஜெர்மானியர் நீரிறைத்துக்கொண்டேதான் தோண்டினார்கள். உள்ளூர்ப் பானை மறைந்து நக்காடா முறைப் பானை வருவதைப் படையெடுப்பு என்று முன்பு சொன்னார்கள். மாற்றம் படிப்படியானது என்பது இப்போது வலுத்த கருத்து. நமக்குத் தெரிந்த எகிப்து தெற்கத்தி எகிப்தாக இருப்பதற்கு, அங்கே மணல் இருந்ததும் ஒரு காரணம்.

கீழடிக்கு வருகிறேன். ஒற்றுமை மெய், அது சூளையின் ஒற்றுமை. நைல் வண்டல் மண்ணைச் சக்கரம் இல்லாமல் கையால் எழுப்பி, செங்காவிக் குழம்பு பூசி, பாதி காய்ந்த பக்குவத்தில் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். ஈரம் அதிகமானால் காவி கல்லோடு வழித்துக்கொண்டு வரும். முழுக்கக் காய்ந்தால் எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வராது. பிறகு சுடும்போது உடலுக்குக் காற்று பட வேண்டும், வாய் மட்டும் உமி, சாம்பல் போன்ற புகையும் பொருளில் புதைந்திருக்க வேண்டும். காற்றுப் பட்ட இடத்தில் இரும்பு சிவக்கும். காற்று இல்லாத இடத்தில் கரி ஏறிக் கறுக்கும். சுட்டபின் சூடாக எடுத்துத் தலைகீழாக உமியில் செருகினார்களா, ஒரே சூட்டில் முடித்தார்களா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது; ஒரே சூட்டில் முடியும் என்று சோதனை செய்து காட்டியிருக்கிறார்கள். தமிழகத்துக் கறுப்பு-சிவப்புப் பானையிலும் இதே வேதியியல்தான். ஆனால் கீழடிக்குச் சொல்லப்படும் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்கும் நக்காடா II-க்கும் இடையே ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு. இடைப்பட்ட காலத்துக்கும் தூரத்துக்கும் சங்கிலிபோல் சான்று இல்லாமல் உறவு கொண்டாட முடியாது. எகிப்தோடு தமிழருக்கு மெய்யான தொடர்பு உண்டு. செங்கடல் கரையில் குசெய்ர் அல்-கதீமில் தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அது ரோமானியர் காலம், மிளகு வணிகம். நக்காடா குழிகள் மண்ணுக்குள் போய் மூவாயிரம் ஆண்டு கழிந்தபின்.

கடைசியாக, குறிப்பட்டையைப் படிக்கும்போது ஆண்டுக்கு முன் வேறொன்றைத் தேடுங்கள்: எந்த இடுகாடு, எந்தக் குழி எண். அது இருந்தால், கூடக் கிடைத்த பானைகளைப் பதிவேட்டில் பார்த்து நீங்களே வரிசையைச் சரிபார்க்கலாம். 'வாங்கியது' என்று மட்டும் இருந்தால், வயது வடிவத்தை வைத்து ஊகித்ததே. சித்திரம் தீட்டிய வெளிர்நிறப் பானையாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். படகும் தீக்கோழியும் வரைந்த பானைக்கு வெறும் பானையைவிடப் பல மடங்கு விலை என்பதால், எகிப்தியச் சந்தையில் நிஜமான பழைய வெற்றுப் பானைகளை வாங்கி அவற்றின்மேல் புதிதாகச் சித்திரம் தீட்டி விற்றிருக்கிறார்கள். மண்ணைச் சோதித்தால் பழையது என்றே வரும். பானை உண்மையிலேயே பழையதுதான். பொய் மேலே உள்ள சாயத்தில் இருக்கிறது. பழைய சித்திரம் சுடுவதற்கு முன் தீட்டப்பட்டு மண்ணோடு இறுகியிருக்கும்; புதியது மேலாக ஒட்டியிருக்கும், பழைய கீறல்களுக்கும் உதிர்ந்த இடங்களுக்கும் உள்ளேயும் சாயம் இறங்கியிருக்கும். நீங்கள் அனுப்பிய கறுப்பு வாய்ப் பானையில் அந்தக் கவலை குறைவு.